முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவதும் அப்படித்தானா?

கேள்வி: நீலகிரியில் மஞ்சூரை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 27. மூத்த மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவள் வயிற்றில் இருந்தபோது, கடைசி மாதத்தில் தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக இருக்கிறாள் என்று கோவையில் சிசேரியன் செய்து எடுத்தார்கள். இப்போது 30 வாரம். டிசம்பர் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை கத்தி வைத்தால் அடுத்ததும் கத்திதான் என்கிறார் மாமியார். ஆபரேஷன் என்றால் கையோடு குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிடும், நல்ல நாளும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பக்கத்து வீட்டு அக்காவோ, டாக்டர்கள் பணத்துக்காக அறுக்கிறார்கள், நல்ல வலி வரும்வரை வீட்டிலேயே இரு, தானாகப் பிறக்கும் என்கிறார். ஸ்கேன் எடுத்த இடத்தில் "பழைய தையல் மெலிசாக இருக்கிறது" என்றார்கள். கணவர் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். நானும் இலை பறிக்கப் போகிறவள்தான். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. எனக்குச் சுகப்பிரசவம் ஆகுமா? முயன்று பார்ப்பது ஆபத்தா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கத் தகுதியுள்ளவர்களில் நீங்களும் ஒருவர். ஆனால் மஞ்சூரில் இருந்துகொண்டு முயலக் கூடாது. என் பதில் இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்ததுதான். உங்களைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் முதல் வாக்கியத்தை மறுக்கிறார், இன்னொருவர் இரண்டாவதை மறக்கிறார் என்பதால், இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதை வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அது மருத்துவர்களின் வாக்காகவே இருந்தது. 1916-இல் நியூயார்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் எட்வின் கிராகின் என்பவர் ‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்று எழுதினார். அந்நாளில் கருப்பையின் மேற்பகுதியில், தசை தடித்திருக்கும் இடத்தில், நெடுக்காக வெட்டிக் குழந்தையை எடுத்தார்கள். பிரசவ வலியின்போது இறுகிச் சுருங்குவது அந்தப் பகுதிதான் என்பதால், அடுத்த பிரசவத்தில் அங்கிருக்கும் தழும்பு விட்டுப்போகும் ஆபத்து உண்மையிலேயே பெரிதாக இருந்தது. 1920-களில் ஸ்காட்லாந்தின் மன்றோ கெர் போன்றவர்கள் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார்கள். அந்தப் பகுதி வலியில் இறுகுவதில்லை, விரிந்து கொடுக்கிறது. இன்று நடக்கும் அறுவைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. வெட்டும் முறை மாறிய பின்னும் பழைய வாக்கு மட்டும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, முதலில் உங்களுக்கு உள்ளே எந்த வெட்டு போடப்பட்டது என்பது எழுத்தில் தெரிய வேண்டும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது; தோலில் குறுக்காகவும் கருப்பையில் நெடுக்காகவும் வெட்டு இருப்பதுண்டு. கோவையில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது கீழ்ப்பகுதி வெட்டு. வெட்டு மேல்நோக்கி நீண்டது என்றோ, கூடுதலாக நெடுக்கு வெட்டும் போட நேர்ந்தது என்றோ குறித்திருந்தால், இந்தக் கடிதத்தில் நான் முயற்சி பற்றிச் சொல்லும் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது திட்டமிட்ட அறுவைதான் வழி. தாள் தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து நகல் கேளுங்கள். பேச்சு வாக்கில் "எல்லாம் நார்மலான ஆபரேஷன்தான்மா" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

அடுத்தது காரணம். முதல் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் அறுவை நடந்தது. மாதம் நிறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு அப்படி அமைவதுண்டு. அது அந்தக் குழந்தை இருந்த விதத்தைச் சேர்ந்தது, உங்கள் இடுப்பெலும்பைச் சேர்ந்ததன்று. இம்முறை தலை கீழே இருந்தால் அந்தக் காரணம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு சிசேரியனுக்குப் பிறகு இயற்கைப் பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. உங்களைப் போல, திரும்பவும் வர வேண்டிய அவசியமில்லாத காரணத்துக்காக அறுவை ஆனவர்களிடம் இந்த எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முன்பே ஒருமுறையாவது இயற்கையாகப் பெற்றிருந்தால் அது 85 முதல் 90 வரை போகும்; உங்களுக்கு அந்த அனுகூலம் இல்லை. உங்கள் உடலுக்கு இதுதான் முதல் வலி என்பதால், தலைச்சன் பிரசவம் போலவே நேரம் எடுக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரசவங்களுக்கும் இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருப்பது நல்லதே. ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்குள் அடுத்தது வந்தால் தழும்பின் உறுதி குறித்துக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

இப்போது ஆபத்து. முயல்பவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவருக்கு வலியின்போது பழைய தழும்பு விட்டுப்போகிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனாலும் என் பணிக்காலத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தவர் யாரும் அதைச் சிறிய எண் என்று சொல்லமாட்டார். குழந்தைக்குச் செல்லும் இரத்தம் சட்டென்று குறைந்து, இதயத்துடிப்பு விழத் தொடங்கும். தாய்க்கு வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். அந்த நேரத்தில் அறுவை அரங்கு, மயக்க மருந்து நிபுணர், இரத்தம், பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆகிய நான்கும் அதே கட்டடத்தில் இருந்தால், பெரும்பாலும் இருவரையும் காப்பாற்றிவிடலாம். அவ்வாறு எல்லா வசதியும் உள்ள இடங்களில், இந்த முயற்சியின்போது குழந்தை இறக்கும் அபாயம் பத்தாயிரத்துக்கு நான்கு அளவில்தான் இருக்கிறது. இது முதன்முறையாகப் பிரசவிக்கும் எந்தப் பெண்ணுக்கும் உள்ள அளவே. இந்தக் கணக்கு முழுவதும் அரை மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறக்க முடியும் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்கிறது.

மஞ்சூரிலிருந்து உதகைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். பகலில், மேகமூட்டம் இல்லாமல், எதிரே லாரி வராமல் இருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பது என்னைவிட உங்கள் கணவருக்கு நன்றாகத் தெரியும். கெத்தை வழியாகக் கோவைக்கு இறங்கலாம் என்றால், அந்தச் சாலையில் இரவு நேரத்தில் யானை நிற்கிறதா இல்லையா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்களுக்குக் குறித்திருக்கும் தேதியோ வடகிழக்குப் பருவமழையின் கடைசியில் விழுகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், நாள்கணக்கில் சாலைகள் அடைபட்டுக் கிடந்ததையும் உங்கள் மாமியார் மறந்திருக்கமாட்டார். 2019 ஆகஸ்டில் உங்கள் குந்தா பகுதியிலேயே, அவலாஞ்சியில், ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் 108 வண்டியை அழைத்தால் ஓட்டுநர் வர மறுப்பவரல்லர், சாலைதான் இருக்காது. நல்ல வலி வரும்வரை வீட்டிலேயே இரு என்ற பக்கத்து வீட்டு யோசனை, தழும்பில்லாத கருப்பைக்கும் கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை உள்ள ஊருக்கும் ஓரளவு சரியாக இருக்கலாம். உங்களுக்கு அது சரியன்று.

ஆகையால், முயல்வதென்று முடிவெடுத்தால் 38 வாரம் நிறையும்போது, அதாவது நவம்பர் மூன்றாம் வாரத்தில், பெட்டியைக் கட்டிக்கொண்டு இடம் மாறிவிட வேண்டும். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்கலாம். அம்மா வீடு கோவைப் பக்கம் என்றால் அங்கே இறங்கிவிடுவது இன்னும் நல்லது. பிரசவத்துக்கு முன்பே வந்து தங்குவதற்கான அறைகள் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் உண்டு. தழும்பில்லாத தாய்மாருக்கு அது நல்ல ஏற்பாடு, அறுவை அரங்கு இல்லாத இடம் என்பதால் உங்களுக்கு அது போதாது. எந்த மருத்துவமனையைத் தேர்ந்தாலும் முன்கூட்டியே நேரில் சென்று, இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வளாகத்துக்குள் இருப்பாரா அல்லது வீட்டிலிருந்து வர வேண்டுமா, என் பிரிவு இரத்தம் இங்கேயே கிடைக்குமா, வலி தொடங்கியதிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பை இயந்திரத்தில் இடைவிடாமல் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், மருத்துவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அங்கே முயலாதீர்கள்.

பணத்துக்காக அறுக்கிறார்கள் என்ற பேச்சைக் குறித்தும் சொல்ல வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவையாக நடக்கின்றன. இந்திய அளவில் அது 21.5. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் தமிழ்நாட்டில் 60-ஐத் தாண்டுகிறது. ஒரு நாட்டில் அறுவை விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் உயர்வதால் தாய் சேய் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. அதே அறிக்கை, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம், ஒரு குறிப்பிட்ட எண்ணை எட்டுவதன்று என்றும் சேர்த்தே கூறியது. பணம் ஒரு காரணமாக இருக்கும் இடங்களே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு மருத்துவர்கள் மறுப்புச் சொல்வதற்குப் பணத்தைவிட ஆள் பற்றாக்குறையே பெரிய காரணம் என்பது என் அனுபவம். திட்டமிட்ட அறுவை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தழும்புள்ள ஒருவருக்கு வலி தொடங்கினால் இரவு முழுவதும் ஒருவர் அருகிலேயே இருந்தாக வேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவமனையிடம் கோபப்படாதீர்கள்.

இடம் மாற வீட்டில் வழியில்லை, மூத்த குழந்தையை விட்டுவர முடியாது, கணவருக்கு வேலை விட முடியாது என்ற நிலை இருந்தால், 39 வாரம் நிறைந்த பின் நாள் குறித்துச் செய்யும் அறுவையே உங்களுக்குப் புத்திசாலித்தனமான முடிவு. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. முயன்று முடியாமல் நடுவில் செய்யும் அவசர அறுவையில் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் திட்டமிட்ட அறுவையைவிட அதிகம்; முயல்பவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரளவில் அந்த வழியில்தான் முடிகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கீழ்வாய்க் கிழிசல், பின்னாளில் இருமினால் சிறுநீர் கசிவது, கருப்பை இறங்குவது போன்ற தொல்லைகள் இயற்கைப் பிரசவத்தோடுதான் அதிகம் தொடர்புடையவை. சுகப்பிரசவம் என்ற அழகான சொல் இவற்றை மூடிவிடுகிறது. மறுபக்கம், இரண்டாவது அறுவைக்குப் பிறகும் ஆறு வாரத்துக்காவது கூடையையும் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் தொடக் கூடாது. மேடும் பள்ளமுமான உங்கள் ஊரில் அது எவ்வளவு கடினம் என்பதை முதல் தடவையே அனுபவித்திருக்கிறீர்கள். இயற்கையாகப் பெற்றவர்கள் சில நாள்களிலேயே தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தராசில் இன்னொரு பெரிய எடைக்கல், உங்களுக்கு எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது. ஒவ்வொரு அறுவையும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் ஒட்டி, கருப்பைச் சுவருக்குள் வேர்விடும் ஆபத்தைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருக்கும் பெண்களில், முன்பு ஓர் அறுவை ஆனவர்களுக்கு நூற்றுக்கு 11 பேரிடமும், இரண்டு அறுவை ஆனவர்களுக்கு 40 பேரிடமும் இப்படி நேர்கிறது. அப்போது கருப்பையையே எடுக்க வேண்டி வருவதுண்டு. மூன்றாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் இருந்தால், இம்முறை இயற்கையாகப் பெற முயல்வதற்கு அதுவே வலுவான காரணம். இரண்டோடு போதும் என்பது உறுதியானால் இந்த வாதத்தின் வலு பெரிதும் குறைந்துவிடுகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இயற்கைப் பிரசவமானாலும் ஏழு நாள்களுக்குள், அதே மருத்துவமனையில், தொப்புளுக்குக் கீழே சிறிய வெட்டு போட்டு அந்த அறுவையைச் செய்துவிடலாம். உங்கள் கணவருக்குக் கத்தியில்லாமல் செய்யும் வாசெக்டமி அதையும்விட எளியது. இதைச் சொன்னவுடன் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். நாள் நட்சத்திரம் பார்ப்பதைப் பொறுத்தவரை நான் அதில் தலையிடுவதில்லை, ஒன்றைத் தவிர: ஜோசியர் குறிக்கும் நாள் 39 வாரத்துக்கு முன்னால் விழக் கூடாது. வலி வராமல் 37 வாரத்தில் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு, 39-இல் எடுக்கப்படும் குழந்தையைவிடப் பல மடங்கு. அந்த எல்லைக்கு அப்பால், மருத்துவமனையின் பகல் பணி நேரத்துக்குள் எந்த நல்ல நேரம் அமைந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

ஸ்கேனில் தையல் மெலிந்திருப்பதாகச் சொன்னது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. கருப்பையின் கீழ்ப்பகுதி கடைசி மாதங்களில் விரிந்து மெலிவது இயல்பே. இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் முயலக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே தாளில் நீங்கள் தேட வேண்டியது நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதைத்தான். அது தழும்பை ஒட்டிக் கீழே இருந்தால் 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதும் வாயை மறைத்திருந்தால் பேச்சுக்கே இடமின்றிக் கோவை அளவிலான பெரிய மருத்துவமனையில் அறுவைதான். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று பின்னர் யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். நான்கில் ஒரு குழந்தைக்கு அப்படி இருக்கும், அதற்காக மட்டும் அறுவை தேவையில்லை. சர்க்கரை ஏறிக் குழந்தை நான்கு கிலோவை நெருங்கினாலோ, இரத்த அழுத்தம் கூடினாலோ, 36 வாரத்திலும் இக்குழந்தையும் திரும்பாமல் இருந்தாலோ கணக்கு மாறும்.

தேதி கடந்தும் வலி வராவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். தழும்புள்ள கருப்பைக்கு வலி வரவழைக்கும் மருந்துகள் தழும்பு விடும் ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்கும்; மிசோப்ரோஸ்டால் மாத்திரை அறவே ஆகாது. நாற்பத்தொன்றாம் வாரம் வரை கண்காணித்துக் காத்திருப்பது, கருப்பை வாய்ப்பகுதியில் பலூன் வைத்து மெதுவாகத் திறக்கச் செய்வது, அறுவைக்கு மாறுவது ஆகியவற்றுள் ஒன்றை அங்கே தீர்மானிப்பார்கள். வீட்டில் யாரும் விளக்கெண்ணெய் கொடுத்து வலியைக் கிளப்ப வேண்டாம்.

எந்த வழியில் பிறந்தாலும் இரத்தம் போகும் என்பதால், அடுத்த எட்டு வாரத்தில் ஹீமோகுளோபினை 11-க்கு மேல் கொண்டுவாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் சூடான தேநீரோடு விழுங்கும் பழக்கம் நம் மலையில் அதிகம். தேநீர் அந்தச் சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். தேயிலையால் பிழைக்கும் ஊரில் இதைச் சொல்வதற்குக் கோபிக்கக் கூடாது: மாத்திரைக்கும் தேநீருக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போதவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும்.

இடம் மாறுவதற்கு முன்பே தண்ணீர் கசிந்தாலோ, சிறிது இரத்தம் பட்டாலோ, விட்டுவிட்டு வலி வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலி நின்ற இடைவெளியிலும் தழும்புப் பக்கம் வலித்துக்கொண்டே இருந்தாலோ, உடனே கிளம்பிவிடுங்கள். பொய் வலி என்று திருப்பி அனுப்பினாலும் அது வீண் பயணமன்று. பிரசவ அறையில் உடன் ஒரு பெண் துணை இருக்க அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கிறார்கள். உங்களைப் பதறவைக்காத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், அது மாமியாராகவும் இருக்கலாம். கோவைத் தாளின் நகல் கைக்கு வந்ததும் தாய் சேய் அட்டையோடு பின் குத்தி வையுங்கள். வலி வரும் இரவில் உங்களைப் பார்க்கப்போகும் மருத்துவர், அதற்கு முன் உங்களைப் பார்த்தவராக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை.